மலாயா அவசரகாலம்: பெயர்களுக்குப் பின்னால் இருந்த கிளர்ச்சி

மலாயா அவசரகாலம் என்பது 1948 முதல் 1960 வரை பிரித்தானிய ஆட்சிக்கும் மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் ஆயுதப்படைக்கும் இடையே நடந்த போரைக் குறிக்கும். 1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பகுதியில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 அன்று அது முடிவுக்கு வந்தது.

பெயர்களின் அரசியல்

நடந்தது போர் என்றாலும் அரசு அச்சொல்லைத் தவிர்த்தது. உள்நாட்டுப் போர் என்று அறிவித்தால் ரப்பர் தோட்டங்களுக்கும் வெள்ளீயச் சுரங்கங்களுக்கும் காப்புறுதி இழப்பீடு கிடைக்காது என்பதே இதற்குப் பரவலாகக் கூறப்படும் காரணம். கிளர்ச்சியாளர்களை அரசு முதலில் 'கொள்ளையர்' என்றும் 1952 முதல் 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதிகள்' என்றும் அழைத்தது. அவர்கள் தங்களை மலாயா தேசிய விடுதலைப் படை என்று அழைத்துக்கொண்டனர்.

இப்பெயர்கள் எவையும் கிளர்ச்சியை முழுமையாக விளக்கவில்லை. கட்சியின் தலைமைச் செயலாளர் சின் பெங், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியருக்கு எதிராகப் பிரித்தானியருடன் இணைந்து செயல்பட்டவர். அதற்காகப் பிரித்தானிய விருதுக்கும் தேர்வு செய்யப்பட்டவர். படையில் சீனர்களே பெரும்பான்மையினர் என்றாலும், மலாய்க்காரர்களைக் கொண்ட 10ஆவது படைப்பிரிவு 1949இல் பகாங்கில் அமைக்கப்பட்டது.

ஆதரவின் வேர்கள்

காட்டோரங்களில் ஏறத்தாழ 5 லட்சம் சீனர்கள் நில உரிமையின்றிக் குடியேறியிருந்தனர். அவர்களில் பலருக்குக் குடியுரிமையும் இல்லை. 'மின் யுவென்' எனப்பட்ட ஆதரவு வலைப்பின்னல் இவர்களிடையே இயங்கி, காட்டிலிருந்த படைக்கு உணவு, மருந்து, பணம், செய்தி ஆகியவற்றைச் சேர்த்தது. சிலர் கொள்கைப் பற்றால் உதவினர். சிலர் உறவினருக்காகவும், வேறு சிலர் அச்சத்தாலும் உதவினர். வெளியிலிருந்து பார்த்தால் மூவரும் கொடுத்தது ஒரே அரிசிதான்.

வேறுபடுத்தாத ஒடுக்குமுறை

தொடக்க ஆண்டுகளில் அரசு இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கருத்தில் கொள்ளவில்லை. சந்தேகத்துக்குரிய குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சீனாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். 1948 டிசம்பர் 12 அன்று பத்தாங் காலியில் ஆயுதமற்ற கிராமத்தினர் 24 பேரைப் பிரித்தானியப் படையினர் சுட்டுக் கொன்றனர்.

தொழிற்சங்கத் தலைவர்களும் இதே பார்வைக்கு உள்ளாயினர். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த தமிழர் எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர் உயிரைக் காக்க இந்திய அரசு எடுத்த முயற்சி பயனளிக்கவில்லை. இத்தகைய நடவடிக்கைகள் கிளர்ச்சியைத் தணிக்கவில்லை. 1951 அக்டோபர் 6 அன்று உயர் ஆணையர் ஹென்றி கர்னியே பதுங்கித் தாக்குதலில் கொல்லப்பட்டார்.

அணுகுமுறையில் மாற்றம்

1950இல் ஜெனரல் ஹரால்ட் பிரிக்ஸ் வகுத்த திட்டம், படையைத் தேடி அலைவதைவிட அதன் உணவு வழியை அடைப்பதை முதன்மையாகக் கொண்டது. காட்டோரக் குடியேறிகள் 'புதுக்கிராமங்கள்' எனப்பட்ட 400க்கும் மேற்பட்ட குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். சில இடங்களில் அரிசிக்குப் பதிலாகச் சோறாகவே சமைத்து வழங்கப்பட்டது. சோறு விரைவில் கெட்டுவிடும் என்பதால் அதைக் காட்டுக்குள் கடத்திச் சேமிக்க இயலாது.

இது கட்டாயக் குடிமாற்றமே. முள்வேலியும் ஊரடங்கும் மக்களின் அன்றாட வாழ்வை இறுக்கின. 1952இல் பொறுப்பேற்ற ஜெரால்ட் டெம்பிளரும் தஞ்சோங் மாலிம் நகருக்குக் கூட்டுத் தண்டனையாக 22 மணி நேர ஊரடங்கை விதித்து, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார்.

ஆனால் வேலியோடு வேறு சிலவும் வந்தன. புதுக்கிராமங்களில் பள்ளிகளும் மருத்துவ வசதிகளும் ஏற்பட்டன. உள்ளூர் மன்றத் தேர்தல்கள் நடந்தன. 1952இல் குடியுரிமை விதிகள் தளர்த்தப்பட்டன. சரணடைந்தவரைப் பிடிபட்டவரிலிருந்து பிரித்து நடத்தினர். சரணடைந்தவருக்குப் பணமும் மறுவாழ்வும் கிடைத்தன. 2,700 பேர் அளவில் சரணடைந்தனர். 6,700 பேர் அளவில் கொல்லப்பட்டனர்.

கம்யூனிஸ்ட் கட்சியும் தன் பிழையை உணர்ந்தது. பொதுமக்களைத் துன்புறுத்தும் தாக்குதல்கள் ஆதரவைக் குலைப்பதாக 1951 அக்டோபரில் அது தன் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது.

பாலிங் பேச்சுவார்த்தையும் முடிவும்

1955 டிசம்பரில் கெடா மாநிலத்தின் பாலிங் நகரில் துங்கு அப்துல் ரகுமான், டேவிட் மார்ஷல், தான் செங் லோக் ஆகியோர் சின் பெங்கைச் சந்தித்தனர். கட்சியைச் சட்டப்படி ஏற்க வேண்டும் என்ற கோரிக்கையைத் துங்கு மறுத்ததால் பேச்சு முறிந்தது. எனினும் 1957 ஆகஸ்ட் 31 அன்று மலாயா விடுதலை பெற்றபோது, அந்நிய ஆட்சியை எதிர்ப்பது என்ற கிளர்ச்சியின் முதன்மைக் காரணம் வலுவிழந்தது. எஞ்சியோர் தாய்லாந்து எல்லைக்குப் பின்வாங்கினர். 1989 டிசம்பர் 2 அன்று ஹாட் யாய் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையுடன் கட்சி ஆயுதப் போராட்டத்தைக் கைவிட்டது.

மதிப்பீடு

மலாயா அனுபவம் பின்னர் வெற்றிச் சூத்திரமாகக் கருதப்பட்டது. மலாயாவில் பணியாற்றிய ராபர்ட் தாம்சன் 1961 முதல் தென் வியட்நாம் அரசுக்கு ஆலோசனை வழங்கினார். அங்கு அமைக்கப்பட்ட பாதுகாப்புக் கிராமங்கள் சில ஆண்டுகளிலேயே சிதைந்தன. மலாயாவில் கிளர்ச்சி பெரும்பாலும் ஒரே சமூகத்துக்குள் அடங்கியிருந்தது. வெளிநாட்டு ஆயுத உதவியும் அதற்குக் கிட்டவில்லை. வியட்நாமில் இரண்டு நிலைமைகளும் வேறாக இருந்தன. 'கொள்ளையர்' என்ற பெயர் மலாயாவின் உண்மை நிலையை மறைத்தது போலவே, 'மலாயா முறை' என்ற பெயர் வியட்நாமின் உண்மை நிலையை மறைத்தது.