பிளேக் காலப் பம்பாயில் ஆலைத் தொழிலாளர் நலமும் ஊதிய நிலுவையும் (1896–1898)

ஆய்வுச் சுருக்கம்

1896ஆம் ஆண்டு பம்பாயில் தோன்றிய பிளேக் நோய், அந்நகரின் பஞ்சாலைத் தொழிலை நிலைகுலையச் செய்தது. அக்காலத்து நோய்த்தடுப்பு நடவடிக்கைகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் அரசு, மருத்துவம், மக்கள் எதிர்ப்பு ஆகிய மூன்றையும் மையப்படுத்தியே எழுதியுள்ளனர். இக்கட்டுரை, ஊதியம் வழங்கும் முறையைத் தொழிலாளர் நலம் சார்ந்த ஒரு கூறாகக் கொண்டு ஆராய்கிறது. ஊதியத்தை நிலுவையில் வைக்கும் வழக்கம், நோய் பரவிய இடத்தைவிட்டு வெளியேறும் வாய்ப்பைத் தொழிலாளருக்கு மறுத்தது என்பதும், நாட்கூலி முறை அவ்வாய்ப்பைச் சிறிது காலம் மீட்டுத் தந்தது என்பதும், நோயுற்றோருக்கு ஊதியம் என்னும் கோரிக்கை மட்டும் நிறைவேறாமலே நின்றது என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: பிளேக், பம்பாய், பஞ்சாலைத் தொழிலாளர், ஊதிய நிலுவை, நாட்கூலி, லோகண்டே, கொள்ளைநோய்ச் சட்டம்.

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹாங்காங்கிலிருந்து கடல்வழியே பரவிய பிளேக், 1896 செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்ட்வி பகுதியில் கண்டறியப்பட்டது. அதனை முதலில் இனங்கண்டவர் மருத்துவர் அகாசியோ காப்ரியேல் வீகாஸ் ஆவார். அவ்வாண்டு தொடங்கி 1920கள் வரை இந்தியாவில் இந்நோயால் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 8,21,764ஆக இருந்த பம்பாயின் மக்கள்தொகை, 1901இல் 7,76,006ஆகக் குறைந்தது.

நோய் தோன்றிய காலத்தில் நகரில் ஏறத்தாழ 70 பஞ்சாலைகள் இருந்தன. அவற்றில் 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் பணிபுரிந்தனர். இவர்களுள் பெரும்பகுதியினர் இரத்தினகிரி முதலிய கொங்கண மாவட்டங்களிலிருந்தும் தக்காணப் பகுதியிலிருந்தும் வந்தவர்கள். ‘சால்’ எனப்பட்ட ஓரறைக் குடியிருப்புகளில் நெருங்கி வாழ்ந்தவர்கள். கொள்ளைநோய்க் காலத்தில் இவர்களது உடல்நலம் யாருடைய பொறுப்பாகக் கருதப்பட்டது? அதற்கான செலவை யார் ஏற்றனர்? இவ்விரு வினாக்களுக்கும் ஊதிய முறையின் வழியே விடை தேட இக்கட்டுரை முயல்கிறது.

நோய்க்கு முந்தைய கோரிக்கைகள்

தொழிலாளர் நலம் பற்றிய கோரிக்கைகள் பிளேக்கோடு தோன்றியவை அல்ல. ஜோதிராவ் புலேயின் சத்திய சோதக் இயக்கத்தைச் சேர்ந்தவரும் ‘தீனபந்து’ இதழின் ஆசிரியருமான நாராயண் மேகாஜி லோகண்டே, 1884 செப்டம்பரில் ஆலைத் தொழிலாளர் கூட்டங்களைக் கூட்டினார். அவற்றில் நிறைவேற்றப்பட்ட கோரிக்கைகள் ஐந்து. வாரம் ஒரு நாள் ஓய்வு, நண்பகலில் அரைமணி நேர இடைவேளை, காலை ஆறரை மணி முதல் கதிரவன் மறையும் வரை மட்டுமே வேலை, அடுத்த மாதம் 15ஆம் நாளுக்குள் ஊதியம், பணியில் காயமுற்றோருக்குக் குணமாகும் வரை முழு ஊதியமும் நிலையாக ஊனமுற்றோருக்கு வாழ்க்கை ஆதாரமும் என்பன அவை.

இவ்வைந்தும் உடல்நலத்தோடு தொடர்புடையவை என்பது கருதத்தக்கது. முதல் மூன்றும் உழைப்பின் கால அளவைப் பற்றியவை. நான்காவது ஊதியம் கைக்கு வரும் நாளைப் பற்றியது. ஐந்தாவது, உழைக்க இயலாத உடலை யார் காப்பது என்னும் வினாவை எழுப்புவது. 1890 ஜூனில் ஆலை உரிமையாளர் சங்கம் ஞாயிறு விடுமுறையை ஏற்றது. 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையையும் நண்பகல் இடைவேளையையும் சட்டமாக்கியது. வயதுவந்த ஆண்களின் வேலைநேரத்துக்கு வரம்பு வர 1911 வரை காத்திருக்க நேர்ந்தது. நான்காம், ஐந்தாம் கோரிக்கைகள் ஏற்கப்படாத நிலையிலேயே பிளேக் நகருக்குள் நுழைந்தது.

நிலுவை என்னும் கட்டு

பம்பாய் ஆலைகளில் ஊதியம் மாதக் கணக்கில் வழங்கப்பட்டது. மாதம் முடிந்த பின்னரும் சில வாரங்கள் அது நிறுத்திவைக்கப்பட்டது. முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு நீங்குவோர் நிலுவைத் தொகையை இழக்க நேரும். அதனால் தொழிலாளி தான் ஏற்கெனவே உழைத்து ஈட்டிய பணத்தையே பிணையாக வைத்து வேலையில் நீடித்தார். இடைப்பட்ட நாள்களில் மளிகைக்கடைக் கடனும் வட்டிக்கடனும் குடும்பத்தைத் தாங்கின.

இயல்பான காலத்தில் இவ்வழக்கம் உழைப்பாளரைக் கட்டுப்படுத்தும் ஒரு நிருவாக முறை. கொள்ளைநோய்க் காலத்தில் அதன் பொருள் மாறியது. அடுத்த வீட்டில் ஒருவர் நெறிக்கட்டிக் காய்ச்சலுற்று இறக்கும்போது, ஊருக்குச் செல்வதா, ஊதிய நாள்வரை காத்திருப்பதா என்பது உயிரைப் பற்றிய முடிவாயிற்று. இவ்வகையில் ஊதிய நிலுவையை, நோய்க்கு ஆட்படும் வாய்ப்பை மிகுவித்த ஒரு காரணியாகக் கொள்ள இடமுண்டு.

வெளியேற்றமும் நாட்கூலியும்

1897 பிப்ரவரி வாக்கில் பம்பாய் மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் நகரைவிட்டு வெளியேறியிருந்தனர். ஆலைகளில் வருகை பெரிதும் குறைந்தது. எஞ்சிய தொழிலாளர் நாள்தோறும் ஊதியத்தைக் கையில் தருமாறு கேட்டனர். அவர்களைத் தக்கவைக்க ஆலைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. நாட்கூலியோடு மிகையூதியமும் தர முன்வந்தன. தெருமுனைகளில் தொழிலாளரை ஏலம் கேட்பது போன்ற நிலை உருவானதாக அக்காலம் பற்றிய ஆய்வுகள் கூறுகின்றன. பொதுவான ஊதிய வரம்பை வகுக்க ஆலை உரிமையாளர்கள் செய்த முயற்சிகள் இப்போட்டியின் முன் நிலைக்கவில்லை.

இம்மாற்றத்தை உழைப்பாளர் பற்றாக்குறையின் இயல்பான விளைவு என்று மட்டும் விளக்குவோர் உண்டு. உரிமையாளர் தரப்பிலிருந்து நோக்கினால் அவ்விளக்கம் பொருந்தும். தொழிலாளர் தரப்பிலிருந்து நோக்கினால், அவர்கள் கேட்டது கூடுதல் கூலியை மட்டும் அன்று. கூலி வழங்கப்படும் காலத்தையும் மாற்றக் கேட்டனர். அன்றன்று கூலி பெற்றவர், நோய் நெருங்கிய அன்றே எதையும் இழக்காமல் புறப்பட முடிந்தது. நோயின் கடுமை தணிந்த பின்னர் ஆலைகள் மாத ஊதிய முறைக்குத் திரும்பின. நாட்கூலி வேண்டும் என்னும் கோரிக்கையோடு 1897இல் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன என்பது, அம்முறையைத் தொழிலாளர் எவ்வளவு மதித்தனர் என்பதைப் புலப்படுத்துகிறது.

தொழிலாளரின் வெளியேற்றத்தை அக்கால அதிகாரிகள் அறியாமையில் விளைந்த பீதியாகக் கண்டனர். யெர்சின் 1894இல் ஹாங்காங்கில் நோய்க்கிருமியைக் கண்டறிந்திருந்தார். ஆயினும் அது பரவும் வழி தெளிவாகவில்லை. அழுக்கும் மண்ணும் காற்றோட்டமின்மையுமே காரணங்களாகப் பேசப்பட்டன. எலித் தெள்ளின் பங்கைப் பால்-லூயி சிமோன் 1898இல் கராச்சியில் சோதனை வழி காட்டினார். அக்கருத்து ஏற்கப்படப் பின்னும் சில ஆண்டுகள் ஆயின. அந்த அறிவின் ஒளியில் நோக்கினால், எலிகள் செத்து விழுந்த குடியிருப்பைவிட்டு நீங்கியது தற்காப்புக்கு உகந்த செயலே ஆகும். அதே வெளியேற்றம் நோயைப் பிற ஊர்களுக்குக் கொண்டு செல்லவும் துணையாயிற்று என்பதையும் மறுப்பதற்கில்லை.

அரசின் பார்வையில் தொழிலாளர் உடல்

1897 பிப்ரவரியில் இயற்றப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டம் மிகச் சுருக்கமானது. தேவையான நடவடிக்கை எதனையும் எடுக்க அரசுக்கு அதிகாரம், மீறுவோருக்குத் தண்டனை, நடவடிக்கை எடுத்த அலுவலருக்குப் பாதுகாப்பு என்பனவே அதன் சாரம். வேலையிழப்போ ஊதியமோ அதில் இடம்பெறவில்லை. அவ்வாண்டு மார்ச்சில் ஜெனரல் கட்டேக்கர் தலைமையில் பிளேக் குழு அமைக்கப்பட்டது. வீடுவீடாகத் தேடுதல், நோயாளரை மருத்துவமனைக்கு அகற்றுதல், உடனிருந்தோரைத் தனிமைப்படுத்துதல், தொடர்வண்டிப் பயணிகளைச் சோதித்தல் ஆகியன நடைமுறைக்கு வந்தன.

இந்நடவடிக்கைகளின் இலக்கு தொழிலாளரின் வீடும் உடலுமே. தனிமைப்படுத்தப்பட்ட குடும்பம் அந்நாள்களில் எதை உண்ணும் என்பது சட்டத்தின் வினாவாகவில்லை. கட்டாய அகற்றலுக்கு எதிர்ப்பும் தொடக்கத்திலேயே எழுந்தது. 1896 அக்டோபர் இறுதியில் ஏறத்தாழ ஆயிரம் ஆலைத் தொழிலாளர் ஆர்தர் சாலைத் தொற்றுநோய் மருத்துவமனையைத் தாக்கினர். அதன்பின் நகராட்சி தனது ஆணையைத் தளர்த்த நேர்ந்தது. 1898 மார்ச்சில் நெசவாளர் வாழ்ந்த மதன்புராவில் கலவரம் மூண்டது. இவ்வெதிர்ப்புகளில் சாதி, சமயம், பெண்களின் மறைவுரிமை ஆகியவற்றின் பங்கு விரிவாக ஆராயப்பட்டுள்ளது. உழைப்பவர் ஒருவரை வீட்டிலிருந்து அகற்றுவது அவ்வீட்டின் வருவாயையும் அகற்றுவதாகும் என்னும் பொருளியல் கூறும் அவற்றோடு சேர்த்து எண்ணப்பட வேண்டும்.

தடுப்பூசிக்கும் இது பொருந்தும். வால்டெமார் ஹாஃப்கின் தாம் உருவாக்கிய பிளேக் தடுப்பூசியை 1897 ஜனவரி 10ஆம் நாள் தமக்கே செலுத்திச் சோதித்தார். 1899இல் அவரது ஆய்வகம் ஆலைப் பகுதியான பரேலில், பழைய ஆளுநர் மாளிகையில் நிலைபெற்றது. ஊசிக்குப்பின் ஓரிரு நாள் காய்ச்சல் வருவது இயல்பு. அந்நாள்களின் கூலியை இழக்க வேண்டியிருந்த தொழிலாளியின் தயக்கத்தை மூடநம்பிக்கை என்னும் ஒரு சொல்லால் விளக்கிவிட இயலாது.

1898இல் தோற்றுவிக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை, நாக்பாடா முதலிய நெருக்கமான குடியிருப்புகளை இடித்துச் சீரமைக்கும் பணியை மேற்கொண்டது. நோயின் இருப்பிடம் தொழிலாளர் குடியிருப்பே என்னும் எண்ணத்தின் நீட்சி அது. குடியிருப்பின் நெருக்கத்துக்கும் குறைந்த கூலிக்கும் உள்ள தொடர்பு அதன் எல்லைக்கு அப்பால் இருந்தது.

நிறைவேறாத ஐந்தாம் கோரிக்கை

நாட்கூலி உழைத்தவருக்கே கிடைத்தது. நோயில் விழுந்தவருக்கு அன்றே கூலி நின்றது. இது அம்முறையின் அடிப்படைக் குறைபாடு. நலமாக இருப்பவர் வெளியேறும் உரிமையை அது தந்தது. நோயுற்றவர் படுத்துக்கிடக்கும் உரிமையைத் தரவில்லை. 1884இல் லோகண்டே காயமுற்றோருக்காகக் கேட்ட பாதுகாப்பு, நோயுற்றோருக்கும் தேவை என்பதைப் பிளேக் வெளிப்படையாக்கியது. அதைச் சொல்ல அவர் நெடுநாள் இருக்கவில்லை. நோயாளருக்கான பணியில் ஈடுபட்டிருந்த அவர், 1897 பிப்ரவரி 9ஆம் நாள் பிளேக்கால் இறந்தார்.

பணியிடக் காயத்துக்கு ஈட்டுத்தொகை 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தால் வந்தது. ஊதியத்தைக் குறித்த நாளுக்குள் வழங்க வேண்டும் என்பதை 1936ஆம் ஆண்டு ஊதிய வழங்கல் சட்டம் கட்டாயமாக்கியது. நோய்க்கால உதவித்தொகை 1948ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டத்தில் இடம்பெற்று, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் தில்லியிலும் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. 1884ஆம் ஆண்டுக் கோரிக்கைகள் முழுமையாகச் சட்ட வடிவம் பெற ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின.

முடிவுரை

பிளேக் காலப் பம்பாயில் தொழிலாளர் நலம் இரு வேறு அளவுகோல்களால் அளக்கப்பட்டது. அரசு அதைத் தொற்றின் அபாயமாகவும், ஆலை உரிமையாளர் அதை நாள்வருகையாகவும் கண்டனர். தொழிலாளரோ ஊதியம் கைக்கு வரும் நாளையே தம் நலத்தின் அளவாகக் கொண்டனர். அவர்கள் பெற்ற நாட்கூலி, உழைப்பாளர் கிடைக்காத சில மாதங்கள் மட்டுமே நிலைத்தது. பற்றாக்குறையால் வந்த உரிமை பற்றாக்குறையோடு நீங்கியது. சட்டத்தால் வந்தவையே நின்றன.

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது 1897ஆம் ஆண்டின் அதே கொள்ளைநோய்ச் சட்டம் மாநிலங்களில் மீண்டும் கையாளப்பட்டது. ஊரடங்கு நாள்களுக்கும் ஊதியம் வழங்க வேண்டும் என்னும் மார்ச் 29ஆம் நாளைய ஆணை, வேறொரு சட்டமான 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் பிறப்பிக்கப்பட்டு, மே மாதத்தில் நீங்கியது. இடைப்பட்ட நாள்களில் புலம்பெயர் தொழிலாளர் பெருந்திரளாக நெடுஞ்சாலைகளில் நடந்து ஊர் திரும்பினர். அந்நடையைப் பீதி என்று பதிவுசெய்வதா, தற்காப்பு என்று பதிவுசெய்வதா என்பதை முடிவுசெய்யும் ஆய்வாளர், அவர்கள் கையில் அன்று எத்தனை நாள் கூலி இருந்தது என்பதை முதலில் கணக்கிட வேண்டும். கொள்ளைநோய் வரலாற்றுக்கு இறப்புப் பதிவேடுகளைப் போலவே ஊதியப் பதிவேடுகளும் முதன்மைச் சான்றுகளாகும்.