காட்டு மந்தையின் குருதி சொன்ன சாட்சி

வீட்டு மாடு ஒருவேளை தீனெடுக்காது நின்றால் உடையவன் அன்றே அறிவான். காட்டு விலங்கிற்கோ உடையவனும் இல்லை, வைத்தியனும் இல்லை. நோயுற்ற விலங்கு புதரோரம் ஒதுங்கி மடியும். கழுகும் கழுதைப்புலியும் தடயத்தை அழித்துவிடும். ஆதலின், காட்டு விலங்குகளின் உடல்நலத்தை ஆராய்ந்து ஏட்டிற் பதியும் வழக்கம் மிகப் பிந்தியே தோன்றிற்று. அதன் அருமையை உலகிற்கு உணர்த்தியது ஆபிரிக்க மாட்டுக்கொள்ளை நோயின் வரலாறாகும்.

வெக்கை என்றும் வழங்கும் இந்நோய் 1880களின் இறுதியிற் செங்கடற் கரையிலுள்ள எரித்திரியாவை அடைந்தது. 10 ஆண்டுகளுக்குள் கண்டத்தின் தென்முனை வரை பரவிற்று. நோய் புகுந்த இடங்களிற் பத்து மாடுகளில் எட்டோ ஒன்பதோ மாண்டன. எதியோப்பியாவில் உழுவதற்கு எருதின்றி வயல்கள் தரிசாயின. கொடும் பஞ்சம் மூண்டது. கிழக்காபிரிக்க மாசாய் இடையர் தம் மந்தைகளையும் வாழ்வையும் ஒருங்கே இழந்தனர். காட்டெருமையும், ஒட்டகச்சிவிங்கியும், நூ எனப்படும் மாட்டுமுக மானும் கூட்டங்கூட்டமாக இறந்தன.

அதன்பின் நோய் மீண்டும் மீண்டும் தலைகாட்டியது. காட்டு விலங்குகளே அதனைத் தம்மிடம் பேணி வைத்து மாடுகளுக்கு வழங்குகின்றன என்ற ஐயம் வலுத்தது. செரெங்கெட்டிச் சமவெளியில் நூக் கன்றுகள் ஆண்டுதோறும் இந்நோயால் மடிந்தமை அவ்வையத்திற்குத் துணை நின்றது. தாயின் சீம்பாலாற் பெற்ற காப்பு சில மாதங்களில் தேய்ந்ததும் அவை நோய்க்கு இரையாயின.

கென்யாவின் முகுகா ஆய்வுநிலையத்திற் பணியாற்றிய ஆங்கில மிருக வைத்தியர் வால்ட்டர் பிளவ்றைற், 1960ஆம் ஆண்டளவில், கன்றின் சிறுநீரக உயிரணுக்களில் நோய்க்கிருமியை வளர்த்து, அதன் வலிமையைக் குன்றச் செய்து, சிறந்த தடுப்பு மருந்தொன்றை ஆக்கினார். செரெங்கெட்டியைச் சூழ வாழ்ந்த இடையரின் மாடுகளுக்குத் தடுப்பூசி ஏற்றும் பணி அக்காலத்திற் பெருகிற்று. காட்டு விலங்குகளுக்கோ எவரும் ஊசி ஏற்றவில்லை.

அதே வேளையில் ஆய்வாளர்கள் நூக்களின் குருதியைச் சேகரித்து, ஒவ்வொரு விலங்கின் வயதையும் அருகே குறித்தனர். நோய் கண்டு பிழைத்த விலங்கின் குருதியில் எதிர்ப்பொருள் தங்கிவிடும். 1960களின் தொடக்கத்திற்கு முன் பிறந்த விலங்குகளில் அவ்வடையாளம் இருந்தது; 1963இன் பின் பிறந்தவற்றில் அது காணப்படவில்லை. மாடுகளிடத்து நோய் அடங்கியவுடன் காட்டிலும் அது தானே அற்றுப்போயிற்று. காட்டு மந்தை நோயைப் பேணவில்லை; மாட்டு மந்தையிடமிருந்தே பெற்றுத் துன்புற்றது. நெடுநாட் பழி அந்தக் குருதி ஏட்டினால் நீங்கிற்று.

1961இல் ஏறத்தாழ 2½ இலட்சமாக இருந்த செரெங்கெட்டி நூக்கள் 1977இல் 13 இலட்சத்தை எட்டின. அவை புல்லை மேய்ந்து குறைத்தமையாற் காட்டுத் தீ தணிந்தது, மரங்கள் பெருகின.

நோயின் இறுதி அத்தியாயமும் காட்டிலேயே எழுதப்பட்டது. 2001இல் கென்யாவின் மேரு தேசிய வனத்துக் காட்டெருமைகளிற் கடைசியாக அது கண்டறியப்பட்டது. ஊசி ஏற்றப்பட்ட மாட்டின் குருதியிலும் எதிர்ப்பொருள் இருக்கும். ஆகவே அதனைக் கொண்டு நோய் எங்கும் உலவுகின்றதா என்று துணிதல் அரிது. ஊசி காணாத காட்டெருமையின் குருதியோ ஐயத்திற்கு இடமின்றிச் சான்று பகர்ந்தது. ஆண்டுகள் பல சோதித்த பின், 2011இல், மாட்டுக்கொள்ளை நோய் உலகினின்றும் ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் முற்றாக ஒழித்த நோய் இதுவே. ஒரு காலத்திற் குற்றவாளியெனக் கருதப்பட்ட காட்டு விலங்கே அவ்வெற்றிக்கு இறுதிச் சாட்சியாயிற்று.