அம்மைப்பாலும் ஆய்வுக்கூடமும்

பெரியம்மை கண்டு பிழைத்தவரை அந்நோய் மீண்டும் அண்டாது என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். அஃது ஏன் என்று ஆராயும் கல்வியே இம்யூனாலஜி எனப்படும் நோய்த் தடுப்பாற்றலியல். அக்கல்வியோடு நம் சமுதாயத்திற்குள்ள உறவு மிகப் பழையது. அது நம் குழந்தைகளின் கைகளில் தொடங்கியது.

1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு அம்மைப்பால் வைக்கப்பட்டது. இந்தியாவில் அதுவே முதல் வெற்றி. அவ்வாண்டிலேயே அது சென்னைக்கும் வந்தது. குளிர்ப்பெட்டி இல்லாத அக்காலத்தில், அம்மை குத்திய குழந்தையின் கையில் எழும் கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தைக்கு வைப்பர். கொப்புளத்தைக் கீறினால் குழந்தை துடிக்கும். எந்தத் தாயும் மனமுவந்து இசையாள். ஆகவே, இதற்கு அகப்பட்டவர் பெரும்பாலும் ஏழை எளியோர், ஒடுக்கப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகளே. அப்படி எடுத்த பாலையும் தீட்டென்று மறுத்த உயர்சாதியார் பலர். உயிர் காக்கும் மருந்திலும் சாதி பார்த்த நாடு இது!

கன்றுகளின் தோலிலிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை பரவிய பின்னரே இவ்வழக்கம் ஒழிந்தது. அதற்கெனக் கிண்டியில் 1899-இல் தோன்றியதே கிங் நிலையம். குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் 1907-இலும், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் 1948-இலும் எழுந்தன. இந்தியாவில் பெரியம்மை 1975-இல் மறைந்தது.

நமக்கு அண்டையிலுள்ள செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-இல் ஒரு பேராய்வு தொடங்கிற்று. பி.சி.ஜி. ஊசி காசநோயைத் தடுக்குமா என்றறிய, இலட்சக்கணக்கான கிராம மக்கள் கை நீட்டினர். வளர்ந்தோரின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்பதே முடிவு. நம் மண்ணிலும் நீரிலும் உள்ள வேறு கிருமிகள் உடலை முன்பே பழக்கிவிடுவதே காரணம் என்பர் சிலர். ஐயம் இன்னும் தீரவில்லை. கை நீட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் விடை காணட்டும் என்று நாம் விரும்புவது பேராசையாகாது.

மாணவர் ஒருவரால் என்ன ஆகும் என்பீர்களாயின், 1986-ஐ நினைமின். உடலின் தடுப்பாற்றலையே அழிக்கும் எய்ட்ஸ் நோயின் கிருமி இந்நாட்டில் உண்டென முதன்முதலில் காட்டியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு பயின்ற டாக்டர் செல்லப்பன் நிர்மலா. அவருடைய ஆசிரியை டாக்டர் சுனிதி சாலமன் தந்த ஆய்வுத் தலைப்பு அது. குருதி மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் காத்து, வேலூருக்குக் கொண்டுசென்று சோதித்தார் நிர்மலா. பின்னர் அவர் பணியாற்றியதும் அதே கிங் நிலையத்தில்தான்.

மருத்துவப் படிப்பு கிட்டாவிடில் எல்லாம் முடிந்ததென்று சோரும் பெற்றோரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். இத்துறைக்கு அஃதொன்றே வாயில் அன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இத்துறையை வளர்த்த பேராசிரியர் வி. ஆர். முத்துக்கருப்பன் உயிரியல் வழி வந்தவர். பின்னாளில் பாரதிதாசன் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். தில்லியில் 1981-இல் இதற்கெனத் தேசிய நிறுவனமே அமைந்தது.

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலும் வேதியியலும் பயின்றவர் விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் ஆகிய ஒன்றில் மூன்றாண்டு இளநிலையும் ஈராண்டு முதுநிலையும் முடிக்கலாம். பின்னர் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உயிர் அறிவியல் தாளை எழுதி, ஆராய்ச்சி உதவித்தொகையோடு முனைவர் பட்டத்திற்குச் செல்லலாம். ஆய்வுப் படிப்பிற்குப் பட்டியல் இனத்தவர்க்கெனத் தனித் தேசிய உதவித்தொகையும் உண்டு. மருத்துவ வழி செல்வோர்க்கு 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு துணை. முகையூரார்க்கு முண்டியம்பாக்கத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2010 முதல் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 இலட்சத்துக்கு மேற்படாதோர், 1944-இல் தொடங்கிய பள்ளி மேற்படிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குரிய சாதி, வருமானச் சான்றுகளைக் கல்லூரி திறந்தபின் தேடி அலையாமல், தேர்வு முடிந்த கோடை விடுமுறையிலேயே வாங்கி வைத்துக்கொள்க.