வீதியும் வாக்குச் சாவடியும்

இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரை அறியாத தமிழ்க் குடும்பம் முனிர்காவில் இராது. கிருத்திகைதோறும் நாம் படியேறிச் சென்று வணங்கும் அக்கோயிலுக்கு 1965ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அடிக்கல் நாட்டப்பெற்றது. நாட்டியவர் அந்நாளைய சென்னை இராச்சிய முதலமைச்சர் திரு. எம். பக்தவத்சலம். விழாவுக்குத் தலைமை தாங்கியவர் பிரதமர் திரு. லால் பகதூர் சாஸ்திரி. அதற்கு ஏழு திங்களுக்கு முன்னர்தான் இவ்விருவர் ஆட்சியையும் எதிர்த்துத் தமிழகத்தின் வீதிகள் கனன்றுகொண்டிருந்தன. அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் ஒருவர் தாஷ்கண்டில் உயிர் நீத்தார். மற்றவர் தம் தொகுதியிலேயே தோல்வியுற்றுப் பதவி நீங்கினார்.

மாணவர் கிளர்ச்சியே காங்கிரஸ் ஆட்சியை வீழ்த்தியது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பொய்யன்று. ஆனால் வீதியில் எழுந்த சினம் எவ்வாறு வாக்காக மாறிற்று, அவ்வாறு மாறிய வாக்கு யார்மீது சென்று விழுந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால், வரலாறு அத்துணை நேர்க்கோட்டில் செல்லவில்லை என்பது விளங்கும்.

அரசியலமைப்பின் 343ஆம் விதி, இந்தியை ஆட்சிமொழி என்று கூறி, ஆங்கிலத்துக்குப் பதினைந்து ஆண்டு தவணை அளித்திருந்தது. அத்தவணை 1965 ஜனவரி 26ஆம் நாள் முடிவுற இருந்தது. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று 1959இல் நேரு உறுதி கூறினார். ஆனால் 1963இல் இயற்றப்பட்ட ஆட்சிமொழிச் சட்டத்திலோ, ஆங்கிலம் ‘நீடிக்கும்’ என்று எழுதப்படவில்லை. ‘நீடிக்கலாம்’ என்றுதான் பொருள்படும்படி எழுதப்பட்டது. ஒரு வினைச்சொல்லின் விகுதிக்காக இத்தனை கலக்கமா என்று வடக்கில் அன்று ஏளனம் செய்தோர் உண்டு. நேரு 1964 மே திங்களில் மறைந்தபின், அந்த விகுதியைத் தவிர வேறு பிடிமானம் இல்லாமற் போயிற்று என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

தலைநகரில் வாழும் நமக்கு இதில் ஓர் அனுபவ அறிவு உண்டு. காய்கறிக்காரனிடம் இந்தியில் விலை பேசுவதற்குத் தில்லித் தமிழன் எவனும் நாணியதில்லை. அன்று தமிழகத்து மாணவனை வருத்தியது அங்காடி மொழியன்று. மத்திய அரசின் பணித் தேர்வு எம்மொழியில் நடைபெறும் என்ற கவலையே. தாய்மொழியில் எழுதுகின்றவனோடு அயல்மொழியில் எழுதுகின்றவன் போட்டியிட வேண்டி வருமே என்ற அச்சம் அது. அரசாங்க உத்தியோகத்தை நம்பி ரயிலேறி வந்த குடும்பங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

குடியரசு நாளைத் துக்க நாளாகக் கடைப்பிடிக்குமாறு திராவிட முன்னேற்றக் கழகத் தலைவர் அண்ணா அறிவித்தார். முந்தின நாளே அவர் கைது செய்யப்பட்டார். அதே ஜனவரி 25ஆம் நாள், மதுரையில் காங்கிரஸ் அலுவலகத்தருகே மாணவர் ஊர்வலத்தினருக்கும் அங்கிருந்தோருக்கும் மோதல் மூண்டது. மாணவர் சிலர் காயமுற்றனர். அங்கே தெறித்த பொறி ஊர்தோறும் பரவிற்று. ஓராண்டுக்கு முன்னரே திருச்சியில் கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளித்திருந்தார். இப்போது சென்னையில் கோடம்பாக்கம் சிவலிங்கம், விருகம்பாக்கம் அரங்கநாதன் ஆகியோர் அடுத்தடுத்த நாட்களில் தம் உடலுக்குத் தாமே தீ வைத்துக்கொண்டனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மாணவர் இராசேந்திரன் 27ஆம் நாள் போலீசாரின் குண்டுக்கு இரையானார். பெயர்ப்பலகைகளின் இந்தி எழுத்தின்மீது தார் பூசப்பட்டது. ரயில் பெட்டிகளும் அஞ்சல் நிலையங்களும் எரிந்தன. பிப்ரவரியில் பொள்ளாச்சி முதலிய ஊர்களில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. திருப்பூரில் காவல்துறை உதவி ஆய்வாளர் இருவர் உயிரோடு எரிக்கப்பட்டனர். அரசாங்கத்தின் கணக்குப்படியே மாண்டோர் சுமார் எழுபதின்மர். உண்மைத் தொகை அதனினும் மிகுதி என்பர்.

திருப்பூரில் மாண்ட இருவரும் தமிழர்களுக்காகப் பணி செய்த காவலரே. மொழிப் போரின் வரலாற்றை எழுதுவோர் பலர் இதனை ஒரு வரியில் கடந்து செல்கின்றனர். தீக்குளித்தவரை நினைப்பதற்காக, தீயிலிடப்பட்டவரை மறக்க வேண்டும் என்ற நியதி இல்லை.

திரு. பக்தவத்சலம் நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்றவர். நிருவாகத் திறன் மிக்கவர். கோப்பைப் படித்தறிவதில் நிகரற்றவர் என்று அவர்கீழ்ப் பணி செய்தோர் சொல்வர். ஆனால் மாணவர் கிளர்ச்சியைச் சட்டம் ஒழுங்கு பற்றிய கோப்பாக மட்டுமே அவர் படித்தார். பிப்ரவரி 11ஆம் நாள் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். அதனை ஏற்கக் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் இசையவில்லை. அன்றிரவே சாஸ்திரி வானொலியில் நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்று அறிவித்தார். கிளர்ச்சி மெல்ல அடங்கிற்று.

மறுநாளே தேர்தல் வந்திருப்பின் மொழியொன்றே முடிவைத் தந்தது என்று கூறலாம். தேர்தலோ இரண்டு ஆண்டு கழித்து வந்தது. அந்த இரண்டாண்டில் மக்கள் நாள்தோறும் நின்றது அரிசிக் கடை வரிசையில். 1965இலும் 1966இலும் மழை பொய்த்தது. இடையே பாகிஸ்தானோடு போர். 1966 ஜூனில் ரூபாயின் மதிப்புக் குறைப்பு. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கி நாடே காத்திருந்தது. சோறுண்டு பழகிய தமிழகத்தில் அரிசி அரிதாயிற்று. இந்நிலையில்தான் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியோடு தி.மு.க. வாக்குக் கேட்டது. மாணவன் தந்தைக்கு மொழியை எடுத்துரைத்தான் என்றால், தாய்க்கு எடுத்துரைக்க எவரும் தேவைப்படவில்லை. அவளிடம் காலிப் பானை இருந்தது.

மூன்றாவது காரணம் கூட்டணிக் கணக்கு. 1937இல் பள்ளிகளில் இந்தியைப் புகுத்தி, எதிர்த்தோரைச் சிறையிட்டவர் இராஜாஜி. அவரே 1967இல் தம் சுதந்திராக் கட்சியோடு தி.மு.க.வின் பக்கம் நின்றார். மார்க்சியக் கம்யூனிஸ்டுகளும் முஸ்லிம் லீக்கும் உடன் நின்றனர். தனியுடைமை வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் ஒரே மேடையில் அமர்ந்த விந்தை அது! ஆயினும் எதிர்ப்பு வாக்குச் சிதறாமைக்கு அவ்விந்தையே காரணம்.

எண்களைப் பாருங்கள். 1962இல் 206 இடங்களில் 139 பெற்ற காங்கிரஸ், 1967இல் 234இல் 51 மட்டுமே பெற்றது. தி.மு.க. 50இலிருந்து 137க்கு உயர்ந்தது. மக்களவைக்கு அது நிறுத்திய 25 பேரும் வென்றனர். ஆனால் சட்டமன்ற வாக்கு விழுக்காடு வேறொரு கதை சொல்கிறது. காங்கிரஸ் பெற்றது 41; தி.மு.க. பெற்றது 41க்குச் சற்றே குறைவு. அதாவது, துப்பாக்கிச் சூட்டுக்கும் அரிசிப் பஞ்சத்துக்கும் பின்னரும், தனிக்கட்சி எனும் அளவில் மிகுதியான வாக்குப் பெற்றது தோற்ற கட்சியே! ஐந்தாண்டில் அது இழந்தது நூற்றுக்கு ஐந்து வாக்குத்தான். ஆட்சியைப் பறிக்க அந்த ஐந்தே போதுமானதாக இருந்தது.

இனித் தலைநகருக்கு வருவோம். பசுவதைத் தடைச் சட்டம் கோரி 1966 நவம்பர் 7ஆம் நாள் பெருங்கூட்டம் ஒன்று பாராளுமன்றத்தை நோக்கி வந்தது. துறவியர் பலர் முன்னணியில் வந்தனர். கூட்டம் வாயிலை முட்டிற்று, போலீசார் சுட்டனர், சிலர் மாண்டனர். வண்டிகள் எரிந்தன, ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. உள்துறை அமைச்சர் நந்தா பதவி இழந்தார். அன்று அக்கூட்டம் தாக்கிய இடங்களுள் ஒன்று, காங்கிரஸ் தலைவர் காமராசர் தங்கியிருந்த இல்லம். 1962இல் தில்லியின் ஐந்து மக்களவை இடங்களையும் வென்ற காங்கிரசுக்கு 1967இல் ஏழில் ஒன்றே கிடைத்தது. ஆறு ஜனசங்கத்துக்குச் சென்றன.

தில்லியில் தென்னாட்டவர் என்றும் பசுவின் பகைவர் என்றும் தாக்கப்பட்ட அதே காமராசர், மூன்று திங்கள் கழித்து விருதுநகரில் நின்றார். பிறந்த ஊரில், தமிழின் பகைவரது கட்சித் தலைவராக! அவரை எதிர்த்து நின்றவர் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். முடிவு: சீனிவாசன் 33,421, காமராசர் 32,136. வேறுபாடு 1,285.

அவர் 1963லேயே முதலமைச்சர் பதவியைத் துறந்தவர். சுடுமாறு ஆணையிட்ட அரசு அவருடையதன்று. இந்தியைத் திணிக்கலாகாது என்று 1965 ஜனவரி இறுதியில் நிஜலிங்கப்பா, அதுல்யா கோஷ், சஞ்சீவ ரெட்டி ஆகியோருடன் கூடி வேண்டுகோள் விடுத்தவரும் அவரே. மொழிக்காகப் பதவி விலக முன்வந்த சி. சுப்பிரமணியமும் கோபிச்செட்டிபாளையத்தில் தோற்றார். திருப்பெரும்புதூரில் திரு. பக்தவத்சலம் தோற்றதில் நியாயம் காணலாம். மற்ற இருவர் தோல்வியில் அவ்வளவு எளிதாகக் காண இயலாது. வீதியில் எறிந்த கல் குறி தவறும் என்று நாம் அறிவோம். மறைவிடத்தில் அமைதியாக இட்ட முத்திரையும் அவ்வாறே அடுத்திருந்தவர்மீது விழுந்தது. அதற்காக அம்முத்திரையைக் குறை கூறவும் மனம் வரவில்லை. எழுபது உயிரைப் பறிகொடுத்த மக்களிடம் வேறு கருவி எதுவும் இல்லை.

கல்லினால் வராத சட்டம் வாக்கினால் வந்தது. ஆங்கிலத்தின் நிலையை உறுதி செய்யும் திருத்தத்தை 1967 டிசம்பரில் பாராளுமன்றம் நிறைவேற்றிற்று. உடனே உத்தரப் பிரதேசத்தில் ஆங்கிலப் பலகைகளின்மீது தார் பூசப்பட்டது! சென்னையிலும் மாணவர்கள் மீண்டும் வீதிக்கு வந்தனர். இம்முறை அண்ணாவின் ஆட்சியை நெருக்குவதற்காக. அவர் கோப்பைப் படிக்கவில்லை; சட்டமன்றத்தைக் கூட்டி, 1968 ஜனவரி 23ஆம் நாள் இருமொழித் தீர்மானத்தை நிறைவேற்றினார். அரிசி விஷயத்தில் மட்டும் மூன்று படி ஒரு படியாகச் சுருங்கிற்று. அதுவும் சென்னையிலும் கோவையிலும் மட்டுமே.

நம் முனிர்காவிலேயே இதனையொத்த நிகழ்ச்சி ஒன்றைக் கண்டோம். 2012 டிசம்பர் 16ஆம் நாள் இரவு, நாம் நாளும் நிற்கும் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் பேருந்தில் ஏறினாள். அவளுக்கு நேர்ந்த கொடுமையை ஈண்டு எழுத வேண்டா. விஜய் சவுக்கிலும் இந்தியா கேட்டிலும் திரண்ட இளைஞர்மீது கண்ணீர்ப் புகையும் நீரும் பாய்ச்சப்பட்டன. காவலர் ஒருவரும் உயிரிழந்தார். ஓராண்டு கழித்துத் தில்லிச் சட்டமன்றத் தேர்தல் வந்தது. இடையே வெங்காயத்தின் விலை ஏறியிருந்தது. பதினைந்து ஆண்டு முதலமைச்சராக இருந்த திருமதி ஷீலா தீட்சித் 25,864 வாக்கு வேறுபாட்டில் தோற்றார். அவர் கட்சிக்கு எழுபதில் எட்டு இடமே கிட்டிற்று. தில்லிப் போலீசார் அவர் ஆணைக்குக் கட்டுப்பட்டவரல்லர். அவர்கள் மத்திய உள்துறையின்கீழ் இருந்தனர். வாக்களிக்கச் சென்றவருள் இதனை அறிந்தவரும் பலர் இருந்தனர்.