ஊசி தந்த தலைவலி

முதுகில் ஊசியிட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து அறுவை சிகிச்சை புரிவதை நம்மில் பலர் அறிவோம். வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கையில் இன்று பெரும்பாலும் கையாளப்படுவதும் இம்முறையே. அதன்பின் சிலருக்கு வரும் தலைவலிக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தீர்க்க வந்த சிகிச்சைக்கும் ஒரு வரலாறு உண்டு.

ஜெர்மனியின் கீல் நகரில் 1891-ஆம் ஆண்டில் குவிங்கே என்னும் மருத்துவர், தண்டுவடத்தைச் சூழ்ந்துள்ள நீரை ஊசியால் எடுக்கும் முறையை வகுத்தார். அதே நகரில் 1898-ஆம் ஆண்டில் ஆகஸ்ட் பியர் என்பார், அவ்வழியே கோக்கேய்ன் மருந்தைச் செலுத்தி அறுவை செய்தார். நோயாளிகள் சிலருக்குத் தலைவலியும் வாந்தியும் கண்டன. காரணம் அறிய விழைந்த பியர், தம் முதுகையே சோதனைக்கு ஈந்தார். உதவியாளர் ஹில்டபிராண்ட் ஊசியைக் குத்தினார். ஆனால் மருந்துக் குழல் அதனோடு பொருந்தவில்லை. தண்டுவட நீர் வீணே வழிந்தது. மறுநாள் பியரைத் தலைவலி பற்றியது. படுத்தால் தணியும், எழுந்தால் மீளும். ஒன்பது நாட்கள் இவ்வாறு கழிந்தன. நீர் ஒழுகியதே காரணம் என அவர் கருதினார். அக்கருத்து இன்றும் நிற்கிறது. உறையில் விழுந்த துளை வழியே நீர் கசிய, மூளைக்கு உள்ள தாங்கல் குறைந்து வலி பிறக்கிறது.

நெடுங்காலம் படுக்கையும், நீராகாரமும், வலி மாத்திரையுமே மருந்தாக இருந்தன. 1960-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் கார்ம்லி, ஊசி குத்தும்போது இரத்தம் கசிந்தவர்க்குத் தலைவலி குறைவாக வருவதைக் கவனித்தார். நோயாளியின் இரத்தத்தையே சிறிதளவு எடுத்து, உறைக்கு வெளியே செலுத்தினார். 1970-ஆம் ஆண்டில் டிஜியோவானியும் டன்பாரும் 10 மில்லிலிட்டர் இரத்தத்தைக் கொண்டு இம்முறையை நிலைநாட்டினர். இன்று 20 மில்லிலிட்டர் வரை செலுத்துவது வழக்கம். கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவது போல, உறைந்த இரத்தம் துளையை அடைக்கிறது.

ஒட்டுப் போட்டபின் சில நாட்கள் முதுகு வலிப்பது சாதாரணம். அரிதாக நேரும் கேடுகளே வேறு. இரத்தம் உறையைத் தாண்டி உள்ளே சென்றால் நரம்பு உறைகளில் அழற்சி உண்டாகலாம். கிருமி புகுந்தால் மூளை உறைக் காய்ச்சல் வரலாம். திரண்ட இரத்தம் நரம்பை அழுத்தலாம். தலையினுள் அழுத்தம் மிஞ்சி, முன்பு எழுந்தால் வந்த வலி, பின்பு படுத்தால் வருவதும் உண்டு. ஆகவேதான் காய்ச்சல் உள்ளவர்க்கும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்க்கும் மருத்துவர் இதைச் செய்யத் தயங்குகின்றனர். மறுபுறம், கசிவைப் பாராமல் விட்டுவிட்டால், மிக அரிதாக, மூளையின் மேற்பரப்பில் இரத்தம் கட்டுவதும் உண்டு. எனவே அஞ்சி ஒதுங்குவதும் தவறு. அலட்சியமாக இருப்பதும் தவறு.

பிற மாநிலங்களில் வாழும் நாம், உற்றார் அருகில் இல்லாமல், பழகாத மொழியில் மருத்துவரிடம் பேச நேர்கிறது. மகப்பேற்றுக்குப் பின் தலைவலி வந்தால், "தூக்கமின்மை" என்று நாமே தீர்ப்புக் கூறிவிட வேண்டாம். "உட்கார்ந்தால் வலிக்கிறது, படுத்தால் தணிகிறது" என்னும் இரண்டு தொடர்களை அவ்வூர் மொழியில் சொல்லத் தெரிந்தால் போதும். மருத்துவருக்குப் பாதி விளங்கிவிடும். படுத்தும் தணியாத வலி, காய்ச்சல், வலிப்பு, கால் தளர்ச்சி, சிறுநீர் தடைப்படுதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். பியர் ஒன்பது நாள் பொறுத்தார்; அன்று அவருக்கு வேறு வழி இல்லை. நமக்கு இருக்கிறது.