பழி சுமந்த சினைப்பை

1884இல் ஜெர்மானிய மருத்துவர் வெர்த், வயிற்றறை முழுக்க நுங்குச் சதை போன்ற கோழை நிறையும் நோய்க்கு 'சூடோமிக்சோமா பெரிட்டோனி' என்று பெயர் வைத்தார். சினைப்பைச் சளிக்கட்டியே காரணம் என்பது அவர் முடிவு. 1901இல் ஃபிராங்கெல் குடல்வாலைச் சுட்டிக்காட்டினார். ஆனாலும் பழி நெடுங்காலம் சினைப்பை மேலேயே கிடந்தது.

சினைப்பை இப்படிப் பழி சுமந்தது இந்த ஒரு நோயில் மட்டும் அல்ல. 1896இல் குருக்கன்பெர்க் நுண்ணோக்கியில் கண்ட சினைப்பைக் கட்டியில், செல்லுக்குள் சளி திரண்டு உட்கருவை ஓர் ஓரத்துக்குத் தள்ளியிருந்தது. பார்வைக்கு முத்திரை மோதிரம். அங்கேயே பிறந்த கட்டி என்று அவர் நம்பினார். 1902இல் ஷ்லாகன்ஹாஃபர் திருத்தினார்: பெரும்பாலும் இரைப்பையிலிருந்து பரவி வந்த புற்றுநோய் அது.

குடல்வால் வழக்கில் திருப்பம் 1991இல்தான். யங், கில்க்ஸ், ஸ்கல்லி மூவரும் இரு உறுப்புகளிலும் கட்டி இருந்தவர்களை ஆராய்ந்தனர். கட்டி இரு சினைப்பைகளிலும், அல்லது குடல்வால் இருக்கும் வலப்பக்கமே அதிகம் தென்பட்டது. ஊற்று எங்கே என்பதற்கு அதைவிடத் தெளிவான தடயம் வேண்டுமா?

பின்னர் சாயச் சோதனைகள் கைகொடுத்தன. குடல்வால் கட்டிகளில் சிகே20, எஸ்ஏடிபி2 புரதங்கள் பொதுவாகத் தெரியும். சினைப்பையில் பிறந்தவற்றில் சிகே7 மேலோங்கும். பலவகைத் திசுக்கள் கலந்த டெரட்டோமா கட்டியில் முளைக்கும் சினைப்பைக் கட்டி மட்டும் குடல் கட்டியைப் போலவே சாயமேற்று, இன்றும் நோய்க்குறியியலாளரைத் திணறடிக்கிறது.

2016இல் வெளியான சர்வதேச இணக்க வகைப்பாடு வயிற்றுக் கோழையை நான்காகப் பிரித்தது: செல்லற்றது, குறைந்த தரம், உயர்தரம், முத்திரை மோதிரச் செல் கொண்டது.