எல்லாளனின் மணியும் தேர்ச்சில்லும்



திருக்கேதீஸ்வரத்துக்குப் போகிறவர்கள் பாலாவிக் கரையில் சிறிது நேரம் உட்காராமல் திரும்புவதில்லை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் இது. கோயிலைச் சூழவுள்ள நிலம் முழுவதும் ஒரு காலத்தில் மாதோட்டம் என்னும் பெருந்துறைமுகப் பட்டினமாக இருந்தது. பாளி நூலார் இதனை மகாதித்த என்றனர். அக்கரையில் உட்காரும் வேளைகளில் எனக்கு நினைவு வருவது ஒரு படையிறக்கம். எல்லாளன் துட்டகைமுனுவிடம் போரில் மாண்டு, உடல் தகனமான ஏழாம் நாள், அவன் மருமகன் பல்லுகன் அறுபதினாயிரம் பேருடன் இத்துறையில் வந்திறங்கினான் என்கிறது மகாவம்சம். மாமன் இறந்துவிட்ட செய்தி இங்கேதான் அவன் காதில் விழுந்தது. திரும்பிப் போக வெட்கப்பட்டு முன்னேறிச் சென்று அவனும் மடிந்தான். கணக்கை நாம் நம்ப வேண்டியதில்லை, வெட்கத்தை நம்பலாம்.

எல்லாளனைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நமக்கெல்லாம் ஒரு கதை சொல்லித் தந்தார்கள். மன்னனின் படுக்கையருகே ஒரு மணி. அதன் கயிறு வெளியே நீண்டு தொங்கும். நீதி வேண்டுவோர் யாரும் இழுக்கலாம். இளவரசன் திஸ்ஸ வாவிக்குத் தேரில் போகும்போது, வழியில் தாய்ப்பசுவோடு படுத்திருந்த கன்றின் கழுத்தில் சில்லு ஏறிவிடுகிறது. பசு வந்து மணியை இழுக்கிறது. மன்னன் அதே தேர்ச்சில்லினால் மகனின் தலையைத் துணிப்பிக்கிறான். இதைச் சொல்லி முடித்ததும் எங்கள் ஆசிரியர் மேசையில் ஒரு தட்டுத் தட்டி, “அதுதான் நீதி” என்றார். நாங்களும் மெய்சிலிர்த்தோம். பின்னர் ஒரு பேச்சுப்போட்டியில் இதையே பேசி நான் ஒரு பேனாவும் பரிசாகப் பெற்றேன்.

மகாவம்சத்தின் இருபத்தோராம் அத்தியாயத்தை நானாகப் படித்தது அதற்கு நெடுங்காலத்தின் பின்னர். படித்தபோதுதான் ஆசிரியர் விட்டுவிட்ட ஒரு சொல் கண்ணில் பட்டது. இளவரசன் கன்றைக் கொன்றது வேண்டுமென்று அல்ல. அறியாமல் நடந்தது என்று நூலே சொல்கிறது. இன்றைய நீதிமன்றம் எதுவும் அதற்கு மரணம் விதிக்காது. அடுத்த கதையோ இன்னும் விசித்திரமானது. பனைமரத்தில் ஒரு குஞ்சைப் பாம்பு தின்றுவிட, தாய்ப்பறவை மணியை அடிக்கிறது. மன்னன் பாம்பின் வயிற்றைக் கிழித்துக் குஞ்சை எடுப்பித்து, பாம்பை மரத்தில் தொங்கவிடுகிறான். பாம்பு வேறு எதைத் தின்னும் என்று கேட்பார் யாருமில்லை!

ஆனால் இவற்றுக்கு அப்பால் இன்னொரு கதை இருக்கிறது. அதை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. பிக்குகளை அழைப்பதற்காக எல்லாளன் சேதிய மலைக்குத் தேரில் போகிறான். தேரின் நுகத்தடி இடித்து ஒரு தூபி சிதைகிறது. அமைச்சர்கள் சுட்டிக்காட்டியதும் மன்னன் தேரைவிட்டு இறங்கி வழியில் படுத்துக்கொண்டு, தன் தலையையும் சில்லினால் துணிக்கும்படி சொல்கிறான். மகனுக்கு ஒரு நீதி, தனக்கொரு நீதி என்று அவன் வைத்திருக்கவில்லை. அப்பொழுது அமைச்சர்கள் மறுக்கிறார்கள். பிறரைத் துன்புறுத்துவதை எங்கள் ஆசான் விரும்புவதில்லை, தூபியைத் திருத்திக் கொடுத்துச் சமாதானம் தேடுங்கள் என்கிறார்கள். பெயர்ந்தவை பதினைந்து கற்கள். அவற்றுக்காக மன்னன் பதினையாயிரம் கஹாபணம் செலவிட்டான்.

உயிருக்கு உயிர் என்ற கதையும், உடைத்ததைக் கட்டிக்கொடு என்ற கதையும் ஒரே மன்னன் பெயரில், ஒரே அத்தியாயத்தில், சில அடிகள் இடைவெளியில் இருக்கின்றன. நாம் முதலாவதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறோம்.

தமிழ் மரபில் இதே கதை திருவாரூரில் மனுநீதிச் சோழன் மேல் ஏறி நிற்கிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் இதை விரிவாகப் பாடினார். அங்கே ஓர் அமைச்சர் வருகிறார். இளவரசன்மேல் தேரைச் செலுத்தும்படி அவருக்கு அரச ஆணை. அவரோ அதைச் செய்ய மனமின்றித் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறார். பின்பு மன்னன் தானே தேரை ஊர்கிறான். சிவபெருமான் தோன்ற, கன்று, இளவரசன், அமைச்சர் மூவரும் உயிர்பெறுகிறார்கள். மகாவம்சத்து இளவரசன் எழுந்திருக்கவில்லை. சேக்கிழாரின் கருணை மூவரை மீட்கிறது. எனினும் அந்த அமைச்சரைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. தண்டனையைப் பற்றி வாதிடுகிற நாம், அதை நிறைவேற்றுகிற கையைப் பற்றி நினைப்பது குறைவு. 2014 இல் நம் நாட்டுச் சிறையில் அலுகோசுப் பதவிக்குச் சேர்ந்த ஒருவர் தூக்குமேடையைக் கண்ட அதிர்ச்சியில் வேலையை விட்டு விலகினார் என்று பத்திரிகைகளில் வாசித்தபோது சேக்கிழாரின் அமைச்சர்தான் என் கண்முன் வந்தார்.

தூக்கிலிடுவதில் இலங்கைக்கு நெடுநாளாகவே தயக்கம் உண்டு. வோகாரிக திஸ்ஸன் உடலை ஊறுபடுத்தும் தண்டனைகளையே நீக்கினான் என்பர். சிறிசங்கபோ குற்றவாளிகளை இரகசியமாக விடுவித்துவிட்டுப் பிணங்களை எரித்து ஊரை ஏமாற்றினான். 1956 இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அரசு மரண தண்டனையை இடைநிறுத்தியது. 1959 இல் அவரே சுடப்பட்டு இறந்தார், தண்டனை மீண்டது, அவரைச் சுட்ட சோமராம தேரர் 1962 இல் தூக்கிலிடப்பட்டார். 1976 ஜூனில் நிறைவேற்றப்பட்டதே கடைசித் தூக்கு. 2019 இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நால்வருக்கான ஆணையில் கையொப்பமிட்டார். உயர் நீதிமன்றம் தடுத்தது.

ஏட்டின்படி பார்த்தால், 1976 க்குப் பின்னர் இந்நாட்டு அரசு எவரையும் தீர்ப்பிட்டுக் கொன்றதில்லை. ஏட்டுக்கு வெளியே நடந்ததை நாம் அறிவோம். 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் ஐம்பத்து மூன்று தமிழ்க் கைதிகள் இரண்டு நாட்களில் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் குட்டிமணி ஏற்கெனவே மரண தண்டனை விதிக்கப்பட்டவர். சட்டத்தின் தூக்குமேடை ஓய்ந்திருந்த அதே மதிலுக்குள் சட்டமில்லாத கைகள் வேலை செய்தன. தூக்குமரம் வேண்டுமா வேண்டாமா என்று சபைகளில் நாம் நடத்தும் விவாதம், இந்த மண்ணின் கொலைகளில் மிகச் சிறியதொரு பங்கைப் பற்றியதுதான் என்று எனக்குத் தோன்றுவது இதனால்.

2013 டிசம்பரில், திருக்கேதீஸ்வரம் கோயிலுக்கு அண்மையில், மாந்தைப் பகுதியில், குடிநீர்க் குழாய் பதிக்க மண்ணை வெட்டியவர்கள் மனித எலும்புகளைக் கண்டார்கள். மன்னார் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் தொடர்ந்து தோண்டியபோது எண்பதுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அது பழைய மயானம் என்று தொல்பொருள் திணைக்களத்தார் கூறினர். காணாமற்போனோரின் உறவினர் அதை ஏற்கவில்லை. 2018 இல் மன்னார் நகரில் சதொச வளாகத்தில் இன்னொரு புதைகுழி திறந்தது; முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். 2019 இல் வந்த காபன் பரிசோதனை அறிக்கை அவ்வெலும்புகள் சில நூற்றாண்டுகள் பழையவை என்றது. அதையும் கேட்டுவிட்டு அந்தத் தாய்மார் வீதிக்குத்தான் திரும்பினார்கள்.

எலும்பின் வயதைத் தீர்ப்பது விஞ்ஞானத்தின் வேலை. அதில் நான் தலையிட மாட்டேன். நான் பார்ப்பது கயிற்றை. எல்லாளன் கதையில் சில்லைவிட மணி பெரிது. இழுத்தால் ஒலிக்கும், ஒலித்தால் மன்னன் எழுந்து வருவான் என்ற உறுதி ஒரு பசுவுக்கே இருந்தது. கோவலன் கதையில் அந்த மணி இல்லை. பொற்கொல்லன் சொல்லை நம்பி விசாரியாமல் கொன்றான் பாண்டியன். கண்ணகி பாண்டியன் முன் நின்று தன் ஊரைச் சொல்லும்போது, பசுவின் துயர் கண்டு மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் எடுத்துச் சொல்கிறாள். ஆனாலும் அவள் வந்து சேர்ந்தபோது பாண்டியன் எழுந்து விசாரித்தான். அவள் சிலம்பை உடைத்தபோது உண்மையைக் கண்டான். தானே கள்வன் என்று ஒப்பி வீழ்ந்தான். தாமதித்தேனும் ஒரு காது இருந்தது.

கடந்த முறை நான் திருக்கேதீஸ்வரம் போனது ஒரு வெள்ளிக்கிழமை. அருச்சனைத் தட்டோடு வரிசையில் எனக்கு முன்னால் ஒரு முதிய அம்மா. பேச்சுக் கொடுத்தேன். மகனைப் பற்றிச் சொன்னார். 2009 க்குப் பிறகு செய்தியில்லை. புதைகுழி தோண்டிய நாட்களில் அங்கேயும் போய் நின்றாராம்.

“திவசம் செய்யிறனீங்களோ அம்மா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டபின் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“இல்லைத் தம்பி. செய்தால் நானே அவனை முடிச்சு வைச்ச மாதிரியெல்லோ. செய்யாமல் விட்டால், அவன் போயிருந்தானெண்டால் தண்ணியில்லாமல் நிப்பான். ஆராவது ஒராள் சொன்னால் காணும்.”

ஐயர் வந்து பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அம்மா மகனின் பெயரைச் சொல்லி, “சுவாதி” என்றார். இருப்பவர்களுக்குச் செய்கிற அருச்சனையையே ஐயர் செய்தார். நான் என் தட்டைக் கொடுத்தேன்.